பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான போதைத் தடுப்புப் பாடம்: படத்தை மாற்றினால் போதுமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

"ஒரு தடுப்புப் பாடத்திட்டம் ஆய்வில் பலன் தந்திருக்கிறது என்றால் அதை அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் அப்படியே நடத்த வேண்டியதுதானே? சாராயமும் கஞ்சாவும் யார் உடம்பிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 'பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறோம்' என்று நாலு இறகுப் படம் வரைய ஏன் வருடக்கணக்கில் காசைக் கொட்டுகிறார்கள்?"

2 மார்ச், இரவு

அந்த நாலு இறகை வரைந்தவன் நான்தான். ஆகவே நானே பதில் சொல்வதுதான் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் ஒரு அமைப்புக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான போதைத் தடுப்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. நகரத்துப் பள்ளிகளில் படிக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். எனக்குச் சொன்ன வேலை இவ்வளவுதான்: பெயர்களை மாற்று, தோல் நிறத்தை மாற்று, ஓரத்தில் ஏதாவது வேலைப்பாடு போடு. போட்டேன். அட்டையில் டீப்பிக் கூடாரம். பக்கத்துக்குப் பக்கம் இறகு. பத்துப் பாடம், ஒவ்வொன்றின் முடிவிலும் "யோசித்துப் பார்" என்று ஒரு கட்டம், அதன் மேல் மூக்குக்கண்ணாடி மாட்டிய ஆந்தை. ஆந்தை என்றால் அறிவாளி, இல்லையா?

முதல் நாள் புத்தகத்தைக் கொடுத்தோம். பின்வரிசையில் ஒரு பெண் திறந்தாள், பார்த்தாள், மூடினாள், மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டான். பத்து நிமிடத்தில் பாதிப் புத்தகங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவஹோ, அப்பாச்சி பழங்குடி வீடுகள் பலவற்றில் ஆந்தை சாவுச் செய்தி கொண்டுவரும் பறவை. பாடத்துக்கு ஒன்றாகப் பத்துச் சாவுச் செய்தியை நான் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

உங்கள் கேள்வியில் பாதி சரி. நாலு இறகுக்குச் செலவழித்த காசு தண்டம். மீதிப் பாதிக்கு நாளை வருகிறேன்.

2 மார்ச், படுக்கும் முன்

டீப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது லகோட்டா, செயென் போன்ற சமவெளிப் பழங்குடிகளின் கூடாரம். நவஹோவுக்கு ஹோகன் என்ற மரமும் மண்ணுமான வீடு, ஹோப்பிக்குக் கல்வீட்டு அடுக்குகள். அரிசோனாவில் மட்டும் கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடிகள் 22. நாடு முழுக்க 570-க்கு மேல். எனக்குத் தெரிந்ததோ சினிமாவில் பார்த்த ஒன்று.

3 மார்ச்

மீதிப் பாதி.

இந்தத் துறையில் மேலடுக்கு, ஆழடுக்கு என்று ஒரு பிரிப்பு உண்டு. 1999-இல் கென் ரெஸ்னிக்கோவும் கூட இருந்தவர்களும் எழுதியது. பெயர், படம், நிறம், இசை எல்லாம் மேலடுக்கு. யாருக்கு யார் கடமைப்பட்டவர், எது மரியாதை, ஒருவன் எதற்காகக் குடிக்கிறான், எதற்காக நிறுத்துகிறான் என்பதெல்லாம் ஆழடுக்கு. நான் மாற்றியது மேலடுக்கு. அதையும் தப்பாக மாற்றினேன்.

ஆழடுக்கு என்றால் என்ன என்பது மூன்றாம் பாடத்தில்தான் எனக்கு உறைத்தது. (புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்று என்னையும் வகுப்பில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.) அமெரிக்கத் தடுப்புப் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்பு 'மறுக்கும் திறன்'. ஃபீனிக்ஸிலேயே உருவான 'கீப்பின் இட் ரியல்' என்ற பாடத்திட்டம் அதை நான்காகப் பிரிக்கும்: மறு, விளக்கு, தவிர், விலகு. 2009-இல், போலீஸ்காரர்கள் பள்ளிகளில் போதைத் தடுப்புப் பாடம் நடத்தும் 'டேர்' அமைப்பே தன் பழைய பாடத்தைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டது. எங்கள் புத்தகம் அது இல்லை, ஆனால் அதே ஜாதி.

பாடத்தில் ஒரு நடிப்புப் பயிற்சி. "நேராக நில். கண்ணைப் பார். தெளிவான குரலில் 'வேண்டாம்' என்று சொல்." பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். பீர் கொடுப்பவர் யார் என்று அவனே தேர்ந்தெடுக்கலாம். "என் பிரதர்" என்றான். நடத்துநர் பலகையில் அப்படியே எழுதினார். பேச்சில் அந்தப் பிரதருக்கு அம்மா வேறு என்று தெரிந்ததும் அழித்துவிட்டு 'கசின்' என்று எழுதினார். பையன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அறையில் அவன் சொன்னது சட்டென்று புரிந்த வெளியாள் நான் ஒருவன்தான். நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, தமிழ் பேசுகிறவன் என்பதால். நவஹோ மொழியில் அம்மா 'ஷிமா'. அம்மாவின் சகோதரி 'ஷிமா யாஷி', அதாவது சின்ன அம்மா. சொல்லுக்குச் சொல் சின்னம்மா! சின்னம்மா மகன் அண்ணன்தானே, அவனை வேறு எப்படிச் சொல்வது? 'கசின்' என்று எழுதிய நொடியில் அண்ணன் யாரோ ஆகிவிட்டான். யாரோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வது எளிது. அண்ணன் கொடுத்தால்?

அந்தப் பாடம் மனதில் வைத்திருக்கும் ஆள் பள்ளி வாசலில் நிற்கும் கெட்ட நண்பன். இந்தப் பிள்ளைகளுக்கோ முதல் குவளை வருவது பெரும்பாலும் ரத்த சொந்தத்திடமிருந்து. தென்மேற்கில் நடந்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன, ஹவாயிலும் அப்படியே. "விலகு" என்கிறது புத்தகம். எங்கே விலகுவான்? இருவரும் ஒரே அறையில் தூங்குகிறவர்கள். காலையில் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவதும் அந்த அண்ணன்தான்.

3 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

தமிழ் உறவுமுறையும் அமெரிக்கப் பூர்வகுடி உறவுமுறையும் ஒத்துப்போவதை நான் கண்டுபிடித்ததாக நினைத்து ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன். 1871-லேயே லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் செனக்கா மக்களின் உறவுச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் பக்கம் பக்கமாக வைத்து அச்சிட்டுவிட்டார். தமிழ்ப் பட்டியல் அவருக்குக் கிடைத்தது ஒரு மிஷனரி வழியாக. அதை வைத்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று முடிவு கட்டினார். அந்தச் சான்று நிற்கவில்லை, பட்டியல் நின்றது. நான் 150 வருடம் லேட்.

5 மார்ச்

அந்தப் பையன் என்ன செய்தான் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே.

வகுப்பில் ஒரு மூத்த நவஹோ அம்மையார் வந்து உட்காருவார். பிள்ளைகள் எல்லாரும் பாட்டி என்றே கூப்பிடுவார்கள், எந்தப் பழங்குடியாக இருந்தாலும். பையன் முழித்துக்கொண்டு நின்றபோது அவர் கேட்டார்: "புத்தகம் கிடக்கட்டும். நிஜமாக நீ எப்படித் தப்பிப்பாய்?"

அவன் காலணியைப் பார்த்தபடி சொன்னான்: "சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோகணும். சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு சொல்வேன்."

குழாய் இல்லாத வீடுகள் ரெசர்வேஷனில், அதாவது பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில், நிறைய. பீப்பாயில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவது வாரக்கடைசி வேலை. இந்தக் காரணத்தை எந்த அண்ணனும் மறுத்துப் பேச முடியாது. பாட்டிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எவன் சொல்வான்? நடத்துநர் கேட்டார், "அப்போது அண்ணன் என்ன செய்வான்?" "அவனும் வருவான். பீப்பாய் கனம்."

மறு, விளக்கு, தவிர், விலகு. இந்த நாலில் எதிலும் இது அடங்கவில்லை. மறுக்கவில்லை, ஆனால் குடிக்கவில்லை. விலகவில்லை, அண்ணனையும் இழுத்துக்கொண்டு போகிறான். அறையில் ஒருவரும் வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

அன்று இரவு மூன்றாம் பாடத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் பக்கம் போட்டேன். ஆந்தை இல்லாமல்.

6 மார்ச்

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் பூர்வகுடிப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள் என்பதுபோல இருக்கிறது. அபத்தம். முதல் நாள் புத்தகத்தைத் தள்ளிவைத்த அதே பெண், பள்ளியில் வேப் கொடுத்த பையனிடம் சொன்னதை வகுப்பில் நடித்துக் காட்டினாள். இங்கே எழுத முடியாத மூன்று சொற்கள். கண்ணை நேராகப் பார்த்துத்தான். அவளே அத்தை முன்னால் பேசாமல் குவளையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாளாம்.

ஆகவே 'இந்த மக்கள் இப்படி' என்பதில்லை. எதிரே நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி. பாடம் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் அந்த இடத்தில் இன்னொரு ஆந்தையை வரையப் பார்த்தேன்.

இன்னொன்று. ஆந்தையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஹோப்பிகளிடம் ஆந்தைக் கச்சினாவே (கச்சினா என்றால் ஆவி உரு) உண்டு, குறும்பு செய்யும் கோமாளிகளைத் தண்டிக்க வரும். அப்புறம் டீப்பி: நவஹோக்களில் பூர்வகுடித் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய இரவுச் சடங்கு டீப்பிக்குள் நடக்கும். என் அட்டைப்படம் அவர்களுக்கு அந்நியம் இல்லை. ஆனால் போதைத் தடுப்புப் புத்தகத்தின் அட்டையில் கோயிலை வரைந்த மாதிரி ஆகிவிட்டது. அது இன்னும் மோசம்.

10 மார்ச்

புகையிலை. இதை எழுதாமல் இந்த இழையை விட முடியாது.

ஐந்தாம் பாடத்தில் புகையிலை இலையின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. நான்தான் போட்டேன், நன்றாகவும் வந்திருந்தது. ஒரு சிறு பையன் கை தூக்கினான்: "என் தாத்தாவுடையதுமா?"

பல பூர்வகுடிகளுக்குப் புகையிலை பிரார்த்தனைப் பொருள். ஓஜிப்வேக்கள் 'அசேமா' என்பார்கள். மூத்தவரிடம் ஒன்று கேட்கப் போனால் முதலில் அதைக் கையில் கொடுக்க வேண்டும், வேரோ பட்டையோ பறிக்கும் முன் மண்ணில் வைக்க வேண்டும். நவஹோச் சடங்குகளில் மலைப்புகையிலை உண்டு. பல இடங்களில் உள்ளே இழுப்பதே இல்லை, வாயோடு சரி. வெகுகாலம் இந்தச் சடங்குகளையே அரசு நசுக்கி வைத்திருந்தது. சமயச் சுதந்திரச் சட்டம் வந்தது 1978-இல்தான். அப்படி மீட்டெடுத்த ஒன்றின் மேல் நான் சிவப்புக் கோடு போட்டுப் பள்ளிக்குள் அனுப்பியிருக்கிறேன். சிகரெட்டை எதிர்க்கிறேன் என்று தாத்தாவை எதிர்த்திருக்கிறேன்.

சரியான வழி கண்ணெதிரே இருக்கிறது. 'வணிகப் புகையிலை' என்று ஒரே ஒரு அடைமொழி. கடையில் வாங்கும் சிகரெட், வேப், மெல்லும் புகையிலை ஒரு பக்கம்; சடங்குப் புகையிலை இன்னொரு பக்கம். 2021-இல் நவஹோக்களின் தன்னாட்சி அரசான நவஹோ தேசம் பொது இடங்களில் வணிகப் புகையிலையைத் தடை செய்து சட்டம் போட்டபோது சடங்குப் பயன்பாட்டைத் தெளிவாக விலக்கி வைத்தது. இதில் கிடைக்கும் லாபத்தையும் பாருங்கள். "புகையிலை கெட்டது" என்றால் பிள்ளை கொட்டாவி விடுகிறான். "புனிதமான ஒன்றைக் கம்பெனிக்காரன் பாக்கெட்டில் போட்டு உனக்கே விற்கிறான்" என்றால் நிமிர்ந்து உட்காருகிறான்.

10 மார்ச், இரவு

கடைசி வாக்கியம் விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் நிமிரவில்லை. இரண்டு பேர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு.

14 மார்ச்

முதல் பாடத்தைப் பற்றி. அது புள்ளிவிவரத்தோடு தொடங்கும். பூர்வகுடிகளிடையே சாராயத்தால் இத்தனை சாவு, இத்தனை விபத்து, இத்தனை கல்லீரல். பொய் இல்லை, சாராயம் சார்ந்த இறப்பு மற்றவர்களைவிட அவர்களிடம் மிக அதிகம். பிள்ளைகள் வரிசையாக அதைச் சத்தமாகப் படித்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் சிரித்தபடி சொன்னான்: "அப்போ நாங்க இப்படித்தான் போகப்போறோம்."

புள்ளிவிவரத்தின் மறுபக்கத்தை ஒருவரும் அச்சடிப்பதில்லை. 2016-இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேசியக் கணக்கெடுப்பை அலசிப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் பூர்வகுடிகளில் ஏறத்தாழ 60 சதவீதம், வெள்ளையர்களில் ஏறத்தாழ 43. ஒரே மூச்சில் அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட சமம். சாவு அதிகமாக இருப்பதற்கு வறுமை, ஆஸ்பத்திரி தூரம், காப்பீடு என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். 'இவர்கள் ரத்தத்திலேயே சாராயம் நிற்காது' என்ற பழங்கதையை நம்பும் பூர்வகுடி மாணவர்களுக்குக் குடியால் வரும் தொல்லை கூடுதலாக இருந்ததாகவும் ஆய்வு உண்டு. அந்தக் கதையைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே நாங்கள் ஊட்டிக்கொண்டிருந்தோம்.

எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதில் ஒரு ஊரே அடிபட்டிருக்கிறது. அலாஸ்காவின் வட முனையில் பேரோ, இப்போது உட்கியாக்விக். 1979-இல் அங்கே ஒரு குடிப்பழக்க ஆய்வு நடந்தது. முடிவை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசும் முன் 1980 ஜனவரியில் ஃபிலடெல்பியாவில் பத்திரிகையாளர் கூட்டம் போட்டு அறிவித்தார்கள். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஊர் வெட்கத்தில் சுருண்டது. அரிசோனாவிலேயே ஹவசுப்பாய் மக்களிடம் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990 முதல் எடுத்த ரத்தத்தை வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தினார்கள். 2010-இல் 7 லட்சம் டாலரும் மீதி ரத்த மாதிரிகளும் திரும்பக் கொடுத்துச் சமரசம் ஆனது. நவஹோ தேசம் தனக்கென்று ஆய்வு ஒழுங்குக் குழு வைத்திருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

"வருடக்கணக்கில் ஏன்?" என்று கேட்டீர்களே. அதில் பாதி வருடம் இந்தக் குழுக்களின் முன் காத்திருப்பது. காத்திருக்க வேண்டியதுதான்.

17 மார்ச்

இதுவரை பேசியது வெளியில் செய்த பாடத்தை இழுத்து வளைப்பது பற்றி. தலைகீழாகவும் செய்கிறார்கள்: உள்ளிருந்தே தொடங்குவது.

தென்மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் ஊர்களில் 'குங்காஸ்விக்' என்று ஒன்று நடக்கிறது. கருவிப்பெட்டி என்று பொருள். ஊர்க்கூட்டம் நடக்கும் பழைய பொதுவீட்டின் பெயரான 'கஸ்கிக்' அதன் ஆதார வடிவம். அங்கே பாடம் என்பது கடல்நாய் வேட்டையும் பனிக்கட்டி மேல் நடப்பதும் பெரியவர்கள் சொல்லும் கதையும். குடியைப் பற்றிப் பயமுறுத்துவது குறைவு, வாழ்வதற்கு என்ன காரணம் இருக்கிறது என்பதே பேச்சு. பலனை அளக்கும்போதும் அதையே அளக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சுக்வாமிஷ், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம் மக்கள் படகுப் பயணத்தையே பாடமாக்கினார்கள். 1989-இல் சியாட்டிலுக்குத் துடுப்புப் போட்டு வந்ததில் உயிர்பெற்ற வழக்கம் அது. படகில் சாராயத்துக்கு இடமில்லை. ஒருவன் துடுப்பை விட்டால் மற்றவன் கை வலிக்கும். இதற்கு நான் என்ன படம் வரைவது?

ஆனால் ஃபீனிக்ஸில் கடல் இல்லை, கடல்நாய் இல்லை. வகுப்பில் ஆறு வெவ்வேறு பழங்குடிகளைச் சேர்ந்த பிள்ளைகள், சிலருக்கு இரண்டு, மூன்று பழங்குடி வேர்கள், சிலர் ரெசர்வேஷனைப் பார்த்ததே கோடை விடுமுறையில்தான். யாருடைய படகு? நகரத்துக்கு இந்தச் சிக்கல் உண்டு. இதே ஊரில் கீப்பின் இட் ரியலை நகரப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகத் திருப்பி எழுதிய 'லிவிங் இன் டூ வேர்ல்ட்ஸ்' பாடத்திட்டம் இந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டியது. எங்கள் வகுப்பில் கிடைத்த ஒரே பொதுப்படகு, அறிமுகம். புத்தகத்தில் "அறிமுகம்: 5 நிமிடம்" என்று போட்டிருந்தேன். நவஹோப் பிள்ளை தன்னை அறிமுகப்படுத்தினால் அம்மா குலம், அப்பா குலம், அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம் என நான்கும் வரும். நடுவில் இன்னொரு பிள்ளை "அப்படின்னா நீ எனக்கு அக்கா" என்பாள். முதல் நாள் அறிமுகம் மட்டும் நாற்பது நிமிடம் ஓடியது. நடத்துநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாடத்தில் மிச்சம் எதுவும் நடக்கவில்லை என்று வருத்தம் வேறு.

18 மார்ச்

உங்கள் பக்கமும் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்தால் நியாயம் இல்லை.

ஓக்லஹோமாவில் செரோக்கி தேசத்தின் எல்லைக்குள் இருக்கும் ஊர்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு வந்தது 2017-இல். ஒன்று, ஊரைத் திரட்டிச் சிறுவர் கைக்குச் சாராயம் கிடைக்கும் வழிகளை அடைப்பது. இன்னொன்று, பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துச் சில நிமிடம் பேசுவது. இரண்டும் பொதுவான முறைகள், வேறெங்கும் செய்வதே. இரண்டும் குடியைக் குறைத்தன. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும்.

அப்படியென்றால் நான் இத்தனை நாள் எழுதியது? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அங்கே அதைக் கையிலெடுத்து நடத்தியதில் செரோக்கி தேசமே பங்காளி. பாடத்தில் கூடை பின்னும் படம் இல்லாமல் இருக்கலாம். யார் வீட்டுத் திட்டம் என்பதில் குழப்பம் இல்லை. எங்கள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இறகு இருந்தது, வீடு மட்டும் அவர்களுடையது இல்லை.

பாடமே வேண்டாம், கடையை மூடு என்பாரும் உண்டு. தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் ரெசர்வேஷனில் மது விற்கக்கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நெப்ராஸ்காவின் வொயிட்க்ளே: நாலு பீர்க்கடை, ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் கேன்கள். 2017-இல்தான் உரிமம் போயிற்று. ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊர்களில் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்துகொண்டிருந்தபோது, 2005-இல் போதையேற்றாத 'ஓப்பல்' பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள்; முகர்வது வெகுவாகக் குறைந்தது. ஆனால் யுவெண்டுமு ஊர் அதற்குக் காத்திருக்கவில்லை. 1994-லேயே வார்ல்பிரி மூத்தவர்கள் பெட்ரோல் முகரும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மவுண்ட் தியோ என்ற குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். வேட்டை, கதை, சாப்பாடு, பெட்ரோல் கிடையாது. ஓப்பல் வரும் முன்பே அந்த ஊரில் முகர்வது நின்றிருந்தது.

24 மார்ச்

காசுக்கணக்கு கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இது. வடிவமைப்புக்கு எனக்குப் பேசிய தொகை வந்தது. திருத்திய பதிப்புக்குத் தனியாக இன்னொரு தொகை வந்தது. பத்து வாரமும் வந்து உட்கார்ந்த அந்தப் பாட்டியை வருகைத் தாளில் 'தன்னார்வலர்' என்று எழுதியிருந்தார்கள். மதியம் ஒரு சாண்ட்விச் உண்டு. ஆந்தை வரைந்தவனுக்குச் சம்பளம், ஆந்தையை எடுக்கச் சொன்னவருக்குச் சாண்ட்விச். அப்போது எனக்கு அது தப்பாகக்கூடப் படவில்லை. இப்போது எழுதும்போதுதான் குத்துகிறது.

25 மார்ச்

ஆறாம் பாடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நடத்துநர்களே ஆசைப்பட்டுச் சேர்த்த பாடம் அது. கயோட்டி (நரி போன்ற ஒரு காட்டு விலங்கு) செய்த தப்பிலிருந்து கற்றுக்கொள்வது என்று நவஹோக் கதை ஒன்று. நானும் ஆசையாய்ப் படம் போட்டேன், இந்த முறை கேட்டுக் கேட்டு. ஏப்ரல் இரண்டாம் வாரம் வைத்திருந்தோம். பாட்டி பக்கத்தைத் திறந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "ஆனா இப்போ சொல்லக்கூடாது."

கயோட்டிக் கதைகள் குளிர்காலத்துக்கு மட்டும். முதல் உறைபனி விழுந்த பின் தொடங்கலாம், வசந்தத்தில் முதல் இடி இடித்ததும் நிறுத்த வேண்டும். பாம்பும் கரடியும் தூங்கும் காலத்துக் கதை. ஃபீனிக்ஸில் ஏது உறைபனி என்று கேட்டேன். "இங்கே இல்லை. வீட்டில் விழணும்" என்றார். வீடு என்றால் வடக்கே, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து அவருடைய தங்கை போன் செய்வாராம்.

பாடத்தைத் தள்ளிவைத்தோம். மானிய ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிகிறது. பணம் கொடுத்த இடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. முடிந்த பாடங்கள் ஒன்பது, திட்டமிட்டவை பத்து, விடுபட்டதற்குக் காரணம் எழுதுக என்று ஒரு கட்டம். நடத்துநர் பேனாவை என்னிடம் கொடுத்தார். "இன்னும் உறைபனி விழவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, எதிர்பார்க்கும் தேதியைக் குறிப்பிடவும் என்று கேட்டிருந்தார்கள்.